கம்ப்யூட்டர் வாங்கப் போன கதை

புடவைக் கடையில் என்னை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தே சரக்கு எப்படி என்று சொல்லிவிடுவேன். கத்திரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைப் பார்த்துப் பொறுக்குபவள். அப்பேர்ப்பட்ட நான் போன ஜூன் மாதம் லாப்டாப் கடையில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன்!

பெண் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லாப்டாப் இல்லாமல் முடியாது என்றாள். இரண்டு வருஷம் கட்டிய சீட்டை எடுத்ததில் 45,000 ரூபாய் இருந்தது. "அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று இவர் கறாராகச் சொல்லிவிட்டார். (சொன்னவர் கடைக்கு வரவில்லை. ஆபீஸாம்!)

ஏ.ஸி. போட்ட பெரிய கடை. இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒரு பையன் சிரித்த முகமாக வந்தான். "வாங்க மேடம், என்ன பட்ஜெட்?" நானும் வெகுளியாக 45,000 என்று சொல்லித் தொலைத்தேன். என்ன வேலைக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றைக் காட்டினான். 42,990, 57,990, 84,990. எல்லாம் பாட்டா கடை விலை மாதிரி! முதலாவதைத் தொடக்கூட விடவில்லை. "இது சும்மா பேஸிக் மேடம். ஒரு வருஷத்துல ஸ்லோ ஆயிடும். அப்புறம் பொண்ணு உங்களைத்தான் குறை சொல்லும்." 84,990-ஐக் காட்டி, "இது கேமிங். உங்களுக்கு வேண்டாம்" என்று தானே ஒதுக்கினான். எவ்வளவு நாணயமான பிள்ளை என்று எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. அதைப் பார்த்த கண்ணுக்கு 57,990 சல்லிசாகத் தெரிந்தது, போங்கள்!

இந்த மயக்கத்தை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அமெரிக்காவில் சைமன்சன், ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1992-ல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு மினோல்ட்டா காமிராக்களை விலையோடு காட்டி, எது வேண்டும் என்று கேட்டபோது ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். வேறு சிலரிடம் அவற்றோடு இன்னும் விலை கூடிய மூன்றாவதையும் சேர்த்துக் காட்டினார்கள். நூற்றுக்கு 57 பேர் நடுவில் இருந்ததைக் கேட்டார்களாம். அந்த மூன்றாவது விற்கவே வேண்டாம், அலமாரியில் கொலு இருந்தால் போதும்.

"மாசம் 4,833 தான் மேடம், 12 மாசம், வட்டியே கிடையாது" என்றான். கிரெடிட் கார்டில் இப்படி வட்டியில்லாத் தவணை என்பதில், வட்டி பெரும்பாலும் ப்ராஸஸிங் கட்டணமாக ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு அப்போது யார் சொன்னார்கள்? வைரஸ் தடுப்பு ஒன்று, கூடுதல் வாரண்டி ஒன்று என்று பில் வேறு வளர்ந்துகொண்டே போயிற்று. விண்டோஸிலேயே வைரஸ் தடுப்பு இலவசமாக வருகிறதே, அதை அவன் மூச்சு விடவில்லை.

வாஸ்தவத்தைச் சொல்கிறேன். என்னை வீழ்த்தியது விலைகூட இல்லை. 'பொண்ணு உங்களைத்தான் குறை சொல்லும்' என்ற அந்த வார்த்தை. படிப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் செய்த அம்மா என்று பேர் வாங்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? கார்டைக் கையில் எடுத்தேவிட்டேன். பெண்தான் காதோரமாக, "அம்மா, சீட்டுப் பணம் 45 தானேம்மா?" என்றாள்.

"வீட்ல அவரைக் கேட்டுட்டு வரோம்" என்று நழுவினேன். இந்த வாசகத்தை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். அன்று அதுதான் கைகொடுத்தது. திரும்பும்போதுதான் கவனித்தேன், பையன் சட்டையில் அந்த 57,990 கம்பெனியின் பெயர்! கடைச் சிப்பந்தி இல்லை, கம்பெனி நிறுத்தி வைத்திருக்கும் ஆள்.

எதிர்வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிறவன். "எக்ஸெல், டாலி இதுக்கெல்லாம் 8 ஜி.பி. ராம் போதும் ஆன்ட்டி. எஸ்.எஸ்.டி. கண்டிப்பா இருக்கணும். வெறும் ஐ5-னு பேரைப் பார்க்காதீங்க, எந்தத் தலைமுறைன்னு கேளுங்க. பழைய ஐ5-ஐ விடப் புது ஐ3 தேவலையா இருக்கலாம். பின்னாடி ராம் கூட்ட இடம் இருக்கான்னும் கேளுங்க" என்றான். மளிகை லிஸ்ட் மாதிரி எழுதிக்கொண்டேன்.

மறுபடி அதே கடை, அதே பையன். இந்தத் தடவை பட்ஜெட்டைச் சொல்லவில்லை, வேலையைச் சொன்னேன். லிஸ்ட்டை வரிவரியாகப் படித்தேன். அவன் போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். 57,990-ல் ராம் போர்டோடு ஒட்டியது, கூட்ட முடியாது. 42,990-ல் இடம் இருக்கிறது! அன்று தொடக்கூட விடாதது!

"ஏன்ப்பா அன்னிக்குச் சொல்லலை?"

"மாசத்துக்கு இத்தனைன்னு டார்கெட்மா." மேடம் அம்மாவாகிவிட்டது.

"நீ எந்த லாப்டாப் வெச்சிருக்கே?"

"என்கிட்ட ஏதும்மா? போன்தான்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. முதலாவதையே பில் போடச் சொன்னேன். நடுவில் இருப்பதற்கு மட்டும்தான் பை இலவசம் என்று அன்று சொன்னவன், கேட்காமலே ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தான்.

மீதி 2,010 ரூபாய் எங்கே என்று இவர் கேட்டார். கொடுக்கவில்லை.