சாவைப் பேசினால் சாவு வருமா?

சாவைப் பற்றிப் பேசாதே என்கிறார்கள். விளக்கு வைத்த நேரத்திலே என்ன பேச்சு இது என்று வாயைப் பொத்துகிறார்கள். கேட்கிறேன் தோழர்களே, பேசாத வீட்டைச் சாவு விட்டுவிட்டுப் போயிற்றா? பேசிய வீட்டை மட்டும் தேடிப்பிடித்து வந்ததா?

பேசாததன் பலனை ஐ.சி.யூ. வாசலிலே பாருங்கள். உள்ளே தகப்பன், வாயிலே குழாய். வெளியே மகன். "இனித் தேறமாட்டார், வெண்டிலேட்டரை எடுப்பதா, வைப்பதா?" என்கிறார் டாக்டர். எடுக்கச் சொன்னால் பெற்றவனைக் கொன்றவன் என்று ஊர் ஏசும். வைக்கச் சொன்னால் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும். அப்பா எதை விரும்பியிருப்பார் என்று தவிக்கிறான் மகன். அதைத்தான் அப்பா ஒருநாளும் சொல்லவில்லையே!

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் ஒரு கொடியவனின் தாக்குதலால் மூளை சிதைந்து வீழ்ந்தார். 2015-ல் மறையும்வரை, 42 ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். உச்சநீதிமன்றம்வரை வழக்குப் போயிற்று. 2011-ல் தீர்ப்பும் வந்தது. விடுதலை கொடுங்கள் என்றது ஒரு தரப்பு. நாங்கள் காப்போம் என்றனர் உடன் உழைத்த நர்சுகள். இரண்டும் அன்புதான். ஆனால் அருணாவின் விருப்பம்? அதைச் சொல்ல அவருக்கு வாயில்லை!

நமக்கு இன்று வாய் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. கண்ணியத்தோடு இறப்பதும் உரிமையே என்று 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம் கூறிற்று. மருத்துவ விருப்பத்தை முன்னரே எழுதிவைக்கலாம் என்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்தும் கேட்டது. ஆலைத் தொழிலாளி எத்தனை நாள் கூலியை இழந்து கோர்ட்டுக்கு அலைவான்? 2023 ஜனவரி 24 அன்று அந்தக் கட்டு தளர்ந்தது. சாட்சி இருவர், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவர் போதும்.

தொடக்கம் எங்கே? சட்டைப்பையிலே இருக்கிறதே செல்போன், அங்கே! சினிமாப் பாட்டும் தேர்தல் பேச்சும் கேட்கும் கருவி, உன் மனத்தையும் பேசட்டும். நேரிலே சொல்ல நா எழவில்லையா? குரலைப் பதிவுசெய்து வீட்டார் வாட்ஸ்அப்பிலே அனுப்பு. துபாயிலே உழைக்கும் மகனும் கேட்பான், கட்டிக்கொடுத்த மகளும் கேட்பாள். நினைவு இனித் திரும்பாது என்றானால் எது வேண்டும், எது வேண்டாம், யார் முடிவு சொல்லவேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் சொல். கடைசிவரை போராடுங்கள் என்பதும் ஒரு பதில்தான்!

குரல் மட்டும் போதாது; சட்டம் எழுத்தைக் கேட்கிறது. பேசியதை எழுது, கையெழுத்திடு, படமெடுத்து உனக்காக முடிவு சொல்லப்போகிறவருக்கு அனுப்பு. மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

ஏழையைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் தந்திரமா என்று ஐயப்படுவோர் உண்டு. நியாயமான ஐயம்! அதற்காகத்தான் இரண்டு டாக்டர் குழுக்கள் ஆராய்ந்து ஒப்பவேண்டும் என்பது விதி. தேறக்கூடியவனுக்குச் சிகிச்சை உரிமை. அதைப் பறிக்க எவன் துணிந்தாலும் எதிர்த்து நிற்கும் முதல் கை தொழிலாளியின் கையாக இருக்கட்டும்.

தொழிற்சங்கக் கிளைகளே, படிப்பகங்களே! ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். நோட்டரி ஒருவரை அழையுங்கள். பிள்ளைகளுக்குச் சொத்து வைக்க நம்மால் முடியாமல் போகலாம். தீராத குழப்பத்தையாவது வைக்காமல் போவோம்!