அளந்து தேர்க!

உணரிகள் தரும் அளவுகளை யூ.எசு.பி. வழியே கணினிக்குச் சேர்க்கும் கருவியொன்றைச் சமைக்க முனைவார் பலரும் முதற்கண் வினவுவது யாது? "எந்தச் சில்லு விரைவானது? எந்தச் சில்லு மலிவானது?" என்பதே. வினாவே பிழை! அளவைப் பற்றிய வினா முன்னும், அதனை ஆளும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லைப் பற்றிய வினா பின்னும் எழுதல் வேண்டும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

பாலமொன்றின் அதிர்வை அளக்கும் கருவியைக் காட்டாகக் கொள்க. அதன் உணரி மூன்று திசைகளிலும் நொடிக்கு 1,000 முறை அளக்கின்றது. ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கம். அஃதாவது 2 பைட்டு. ஆகவே நொடிதோறும் 6,000 பைட்டு தரவு பிறக்கின்றது. 1996இல் வெளிவந்த முதல் யூ.எசு.பி. நெறியே நொடிக்கு 1.2 கோடி இரும இலக்கம் செல்லும் வழியை வகுத்துவிட்டது. வழி அகலமானதே, இடுக்கம் வேறிடத்தில் உள்ளது.

அர்டுயினோ ஊனோ பலகையில் அமர்ந்த ஏ.டி.மெகா 328பி என்னும் சில்லு, கற்பார்க்கு நல்ல துணை. ஆயின் அதனுள் யூ.எசு.பி. உறுப்பு இல்லை. பிறிதொரு சில்லு இடைநின்று, அது தருவதைக் கணினிக்கு மாற்றித் தருகின்றது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட தடத்தை, தொடக்கப் பயிற்சிகளிற் காணும் 9,600 என்னும் விரைவில் விட்டுவைத்தால், நொடிக்கு 960 பைட்டே செல்லும். தேவையில் ஆறிலொரு பங்கும் இல்லை! 1,15,200க்கு உயர்த்தினால் 11,520 பைட்டு செல்லும், போதும். ஆயினும் ஒவ்வோர் அளவையும் எழுத்துருவில் இலக்கம் இலக்கமாக எழுதி அனுப்பினால், தரவு 21,000 பைட்டு வரை பெருகி, மீண்டும் அடைபடும். மேலும் அச்சில்லின் நினைவகம் 2,048 பைட்டே. கணினி அரைநொடி வேறு பணியிற் கருத்தூன்றினால், அதற்குள் நினைவகம் நிரம்பி, எஞ்சிய அளவுகள் அழிந்தொழியும்.

அவ்வழிவைக் கருவி தானே சொல்லாது. திரையிற் கோடு ஓடிக்கொண்டேயிருக்கும். காண்பார்க்கு எல்லாம் செவ்வையாகத் தோன்றும். பாலத்தின் கடுநடுக்கமொன்று பதிவாகாமற் போனதை எவரும் அறியார். அளவைக்கருவி பழுதுற்று நிற்பது சிறுகுறை. பொய்யளவு காட்டி ஓடுவதே பெருங்கேடு!

யூ.எசு.பி. உறுப்பைத் தன்னுள்ளே கொண்ட சில்லுகள் பல உள. எசு.டி.எம். 32எப்103 சில்லின் நினைவகம் 20,480 பைட்டு. மூன்று நொடித் தரவுக்கு ஒத்தது. 2021இல் வெளிவந்த ஆர்.பி. 2040 சில்லுக்கோ 2,70,336 பைட்டு. பாதியை ஒதுக்கினும் இருபது நொடித் தரவைத் தேக்கிவைக்கலாம். விலையும் குறைவு. இவை கண்டு, "எல்லாவற்றுக்கும் இதுவே போதும்" என்பார் உளர். அவர்கள் அதன் விளக்க ஏட்டைப் புரட்டிப் பார்த்தல் நன்று. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் அதன் உறுப்பு பெயரளவில் 12 இரும இலக்கம் உடையது, பயன்படுவதோ 8.7 மட்டுமே என்று ஆக்கியோரே எழுதியுள்ளனர். மின்னழுத்தமாக அளவு தரும் உணரியின் நுண்வேறுபாடுகள் அங்கே மறைந்துபோகும். தனி மாற்றியொன்றை உடன்சேர்த்தல் வேண்டும். எண்ணாகவே அளவு தரும் உணரிக்கு இக்குறை தீங்கன்று. ஒரே சில்லு ஓரிடத்தில் ஏற்றதாகவும் மற்றோரிடத்தில் ஏலாததாகவும் ஆவது இவ்வாறே.

இன்னுமொன்று. 2021இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, ஒரே சில்லை நம்பியிருந்தோர் கைபிசைந்து நின்றனர். சில்லைச் சார்ந்த நிரற்பகுதியைத் தனியே பிரித்து எழுதியோர்க்கு வேறு சில்லுக்கு மாறுதல் எளிதாயிற்று.

ஆகவே கருவி சமைக்கும் இளைஞர்கள், நொடிக்கு எத்துணைத் தரவு, எத்துணை நேரத் தேக்கம், எத்துணை நுண்மை என்னும் மூன்றையும் தாளில் எழுதிக் கணக்கிட்ட பின்னரே சில்லைத் தேடுக. அனுப்பும் ஒவ்வொரு தரவுக்கட்டிலும் வரிசையெண் இடுக. ஓரெண் விடுபடினும் இழப்பு வெளிப்படும். புகழையும் விலையையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். அளக்கும் கருவியை அளவின்றித் தேர்தல் அறிவுடைமை ஆகாது!