ஒற்றை வரியில் முடியும் வேலை

கொடுமுடி அருகே சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய், தேங்காய்ப் பருப்பு, எள் ஏலம் நடக்கிறது. ஏல விலையை எக்செல்லில் ஏற்றி வைக்கும் வியாபாரியிடம் ஆண்டு முடிவில் கோப்புகள் குவிந்து கிடக்கும். விலைப்போக்கை அலச வேண்டுமென்றால், ஒவ்வொன்றாகத் திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பான சிஎஸ்வி ஆக்குகிறார்கள், படித்த பிள்ளைகளே! மனம் பொறுக்கவில்லை. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் ‘ஹெட்லெஸ்’ முறை இருக்கிறது. டெர்மினலில் ஒற்றை வரி அடித்தால், எந்தக் கோப்பையும் திரையில் திறக்காமலே ஃபோல்டர் முழுவதையும் மாற்றித் தந்துவிடும். ஆனால் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8 எழுத்துமுறைக்கான 76 என்ற எண்ணை அந்த வரியில் சேர்க்காவிட்டால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். ஒரு கோப்பில் பல தாள்கள் இருந்தால், தனியாகச் சொல்லாவிட்டால் முதல் தாள் மட்டுமே மாறும். எல்லாத் தாள்களையும் தனித்தனிக் கோப்பாக எடுக்கும் வசதி 7.2 பதிப்பில்தான் வந்தது. இத்தகைய இலவச மென்பொருள் நமக்குப் புதிதல்ல; லினக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுபோக, தமிழக அரசு நிறுவனமான எல்காட் பல ஆண்டுகளுக்கு முன்பே முயன்ற மாநிலம் இது. ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களே, வணிகவியல் மாணவர்களுக்கு இதற்கென ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்.