அம்மா ஓடப் போனால் பொறுப்பு யார் பார்ப்பது?

பிரெஞ்சில் ‘கூர்ஸ்’ என்று ஒரு சொல் உண்டு. ஒருமையில் சொன்னால் ஓட்டம், பந்தயம். அதையே பன்மையில் ‘லே கூர்ஸ்’ என்று சொன்னால், கடைக்குப் போய் காய்கறி, மளிகை வாங்கி வருவது. பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரீ இந்த வித்தியாசத்தை ஒரு முறை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பிற்பாடு நான் வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, ஆபீஸ் விட்டதும் பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்த காலத்தில்தான், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று தோன்றியது. தமிழிலும் நாம் ‘ஓட்டமும் நடையுமாக’ என்றுதானே சொல்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மருமகள். வயது 38. தனியார் கம்பெனியில் வேலை. ஐந்தாவது படிக்கும் பேத்தி, ஒன்றாவது படிக்கும் பேரன். பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் அரை மாரத்தான் ஓடப் போகிறேன் என்று சொன்னாள். செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே ஓடுவது அது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டரும் இன்னும் 97.5 மீட்டரும். அவள் இதுவரை ஓடியது பீச் ரோடில் டூப்ளே சிலைக்கும் பழைய சுங்க அலுவலகத்துக்கும் நடுவேதான். அதுவும் பாதி ஓட்டம், பாதி நடை.

சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பாராட்டினார்கள். “வேலைக்கும் போயி, ரெண்டு பிள்ளைங்களையும் பாத்துக்கிட்டு, இதையும் செய்யறாளே! என்ன மன உறுதி!” என்றார்கள். இந்தப் பாராட்டைப் பற்றித்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அரசாங்க ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவள் நான். எனக்கு மன உறுதியைவிட மணிக்கணக்கில் நம்பிக்கை அதிகம். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் முறை அரை மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு ஏறக்குறைய 16 வாரப் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு மூன்று ஓட்டம். நடு வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் போல. ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். அது ஆறு கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் ஒன்றாகக் கூட்டி, நாலாவது வாரம் கொஞ்சம் குறைத்து, மறுபடி கூட்டி, கடைசியில் 17, 18 வரை போகும். பயிற்சியிலேயே 21 ஓடிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும். வேகமும் பெரிதாக வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் என்று வைத்தால்கூட 2 மணி 49 நிமிஷத்தில் முடித்துவிடலாம். இதோடு வாரத்தில் இரண்டு நாள் காலுக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் உடற்பயிற்சி இருபது நிமிஷம். போகவர, குளிக்க எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது 300 நிமிஷம்.

இந்த 300 எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று தேடினேன். நம் மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல், மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சமையல், துவைப்பு, பெருக்குவது போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம். அந்த வேலையைச் செய்கிற ஆண்களோ 97 நிமிஷம். அப்படிச் செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர்.

ஆக, ஒரு தாய் அரை மாரத்தானுக்கு ஒரு வாரம் முழுக்கச் செலவழிக்கும் நேரம், ஒரு சராசரிப் பெண் ஒரே நாளில் வீட்டு வேலைக்குச் செலவழிக்கும் நேரம். கேட்பது ஏழில் ஒரு நாள். அந்த ஒரு நாள் எங்கிருந்து வரும்? வீட்டில் யாரும் விட்டுத்தராவிட்டால் தூக்கத்திலிருந்துதான் வரும். ஐந்து மணிக்கு எழுகிறவள் நாலு மணிக்கு எழுவாள். முன்னால் ஓடிவிட்டு, பின்னால் வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டுவாள். நாம் ‘மன உறுதி’ என்று கைதட்டுவது பெரும்பாலும் இந்தத் தூக்கக் கடனுக்குத்தான். ஓட்டத்தில் தேய்ந்த உடம்பு தேறுவது தூக்கத்தில். தூங்காமல் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முழங்காலோ குதிகாலோ ஒரு நாள் கணக்குக் கேட்கும். அப்போது அதே சொந்தக்காரர்கள், “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்பார்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நீண்ட லீவில் போனால், லீவு உத்தரவோடு இன்னொன்றும் வரும். இன்னாருடைய இருக்கையை இன்னார் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பார் என்று பெயர் போட்டு இருக்கும். அது இல்லாமல் லீவு நகராது. லீவில் போகிறவருக்குப் பெரிய மன உறுதி இருக்கிறதா என்று யாரும் ஆராய்வதில்லை. ஃபைலை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. வீட்டில் மட்டும் அம்மா ஒரு மணி நேரம் வெளியே போனால், அந்த இருக்கைக்குப் பொறுப்பு உத்தரவு கிடையாது. திரும்பி வரும்வரை ஃபைல் அப்படியே காத்திருக்கும்.

அதனால் மருமகளுக்கு நான் ஷூ வாங்கித் தரவில்லை. ஒரு முழுத் தாளில் உத்தரவு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். செவ்வாய், வியாழன் காலை 5.15 முதல் 6.30 வரையும், ஞாயிறு 5 முதல் 8.30 வரையும் அவள் வீட்டுப் பொறுப்பில் இல்லை. அந்த நேரத்தில் பால் காய்ச்சுவது, டிபன், பிள்ளைகளை எழுப்பிப் பல் துலக்க வைப்பது என் மகன் பொறுப்பு. பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்வது என் பொறுப்பு. முழங்கால் இருக்கிற நிலையில் நின்று சமைப்பது என்னால் ஆகாது, அதையும் எழுதிவிட்டேன். கீழே, ‘நகல்: பேத்தி, பேரன்’.

உத்தரவின் முக்கியமான பகுதி கடைசி இரண்டு வரிகள். ஒன்று, ஓடுகிறவளுக்குப் போன் போட்டு சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்கக் கூடாது. இரண்டு, அவள் திரும்பும்போது தொட்டியில் பாத்திரம் நிலுவையில் இருக்கக் கூடாது. லீவு முடிந்து வந்தால் மேசை நிறைய ஃபைல் குவிந்திருப்பதை ஆபீசில் வேலை பார்த்த எல்லோரும் அனுபவித்திருப்போம். பொறுப்பு பார்த்தவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அதற்குப் பெயர் உதவி இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமையே என் மகன் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தான். “அம்மா, உப்புமாவுக்குத் தண்ணி எவ்ளோ?”

“ஒண்ணுக்கு ரெண்டரை. அடுத்த வாரம் கேக்காத,” என்றேன். கேட்கவில்லை. மூன்றாவது வாரம் சேமியா கிச்சடியே செய்தான்.

இதற்கு வரும் ஆட்சேபணைகளும் எனக்குத் தெரியும். என் வயதுப் பெண்களே சொல்வது: “நாங்கல்லாம் ஓடியா உடம்பப் பாத்துக்கிட்டோம்? வீட்டு வேலையே பயிற்சிதான்.” வீட்டு வேலை உழைப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்காக என்பது வேறு. உப்புமா கிளறினால் மற்றவர்களுக்கும் பசி ஆறும். ஞாயிற்றுக்கிழமை 12 கிலோமீட்டர் ஓடினால் அதனால் வேறு யாருக்கும் எதுவும் கிடைக்காது. அது அவளுக்கே அவளுக்கு. அப்படி ஒன்று நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு இருந்தது?

“பெண் உடம்பு தாங்காது” என்பது இன்னொன்று. இது பழைய பாட்டு. ஆலிஸ் மில்லியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களைச் சேர்க்காததால் 1922-ல் பாரீசில் பெண்களுக்கென்றே தனிப் போட்டி நடத்திக் காட்டினார். பிறகு 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப் போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல்தான். நான் வேலையில் சேர்ந்து பல வருஷம் ஆன பிறகு! 2019-ல் பிரிட்டனில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண், 268 மைல் மலைப்பாதை ஓட்டத்தில் ஆண்களையும் சேர்த்து முந்தி முதலில் வந்தார். கைக்குழந்தைக்காரி என்பதால் வழியில் நிறுத்தங்களில் தாய்ப்பாலை எடுத்துவிட்டு ஓடினார். அவருடைய உறுதியை உலகமே பாராட்டியது. எனக்கு இன்னொன்றும் தோன்றியது. 83 மணி நேரம் அவர் ஓடியபோது, அந்தக் குழந்தையை ஒருவர் தூக்கி வைத்திருந்திருக்கிறார்.

உடம்பைப் பற்றிப் பேச வேண்டியது வேறு இருக்கிறது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே ஓடத் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்கு ஓடும்போது சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு ஓட்டத்தை விட வேண்டாம். இடுப்புத் தசைப் பயிற்சி சொல்லித்தர மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஓடுவதற்கென்று தைத்த உள்ளாடை, ஷூவைப் போலவே அவசியம். இதையெல்லாம் ஒரு மாமியார் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். வேறு யார் எழுதுவது?

மூன்றாவது ஆட்சேபணையில் நியாயம் உண்டு. எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை, கணவருக்கு நைட் ஷிப்ட் இருக்கலாம், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். வேலைக்காரம்மாவை விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொல்வது இதற்குத் தீர்வு இல்லை. அந்த அம்மாவின் பிள்ளைகளை அப்போது யார் பார்ப்பது? பொறுப்பை இன்னொரு தாயின் தலையில் தள்ளிவிட்டதாகத்தான் ஆகும். பக்கத்து வீட்டில் இதே நிலையில் இருக்கும் இன்னொரு தாயோடு முறை வைத்துக்கொள்ளலாம். இந்த ஞாயிறு உன் பிள்ளைகள் என் வீட்டில், அடுத்த ஞாயிறு என் பிள்ளைகள் உன் வீட்டில். அதுவும் முடியாதவர்கள் இந்த வருஷம் 10 கிலோமீட்டர் ஓடட்டும். அதற்குப் பாதி நேரம் போதும். ஆனால் ஆள் பலமுள்ள வீடுகள், ஆள் இல்லாதவர்களைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

பிப்ரவரி ஓட்டத்துக்கு 16 வாரம் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர். நம் ஊரில் அது மழை தொடங்கும் காலம். அப்புறம் தீபாவளி, அரையாண்டுப் பரீட்சை, பொங்கல். ஒரு தாய்க்கு வருஷத்திலேயே வேலை அதிகமான மாதங்கள் அவை. மழை பெய்தால் ஓட்டத்தை மறுநாளைக்குத் தள்ளலாம், வானத்தோடு சண்டை போட முடியாது. பலகாரம் சுட ஆள் வேண்டும் என்று தள்ளினால் அது நாம் செய்கிற வேலை. எங்கள் வீட்டில் இந்த தீபாவளிக்கு முறுக்கு கடையில் வாங்கினோம். முறுக்கு நன்றாகவே இருந்தது.

போன ஞாயிறு அவள் 14 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தாள். முகம் சிவந்து, சட்டையெல்லாம் சேறு. நேராக அடுப்படிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பிறகுதான் கூடத்தில் வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பேத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நானும் வரட்டுமா அம்மா?” என்று கேட்டாள்.

என் மகன் என்னிடம், “பிப்ரவரி முடிஞ்சதும் இந்தப் பேப்பர எடுத்துடலாம்லம்மா?” என்றான்.

உத்தரவின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். எங்கள் ஆபீசில் வழக்கமாகப் போடுவதைத்தான் போட்டிருக்கிறேன்: ‘மறு உத்தரவு வரும்வரை’.