இரண்டரை நாழிகை

'நேரமில்லை' என்ற சொல்லைச் சென்ற ஆண்டில் நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம் என எண்ணிப் பார்க்கவே நாணமாக இருக்கிறது. விடைத்தாள் திருத்த வேண்டும், உள்மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், துறைத்தலைவர் கேட்ட அறிக்கையை மாலைக்குள் தர வேண்டும், ஆகவே நேரமில்லை. நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரிடமும் இதைத்தான் சொன்னோம்.

ஓய்வுபெற்று நெடுங்காலமாகியிருந்த அவர், குறுந்தொகைக்குத் தாம் எழுதிய குறிப்புகளை இருநூறு பக்க நோட்டு ஒன்றில் நிரப்பி நம் கையில் கொடுத்தார். "படிச்சுட்டு மனசுல பட்டதைச் சொல்லுப்பா, அவசரமில்லை" என்றார். "இந்தப் பருவத் தேர்வு முடியட்டும் ஐயா" என்றோம். அது முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. மார்கழியில் ஒருநாள் அவரும் போய்விட்டார். துக்கம் கேட்கச் சென்றபோது அவர் மகள், "நோட்டைப் பத்தி நீங்க ஏதாச்சும் சொன்னீங்களான்னு அப்பா ரெண்டு மூணு தடவை கேட்டாங்கண்ணா" என்றார். நாம் நான்கு பக்கம் தாண்டியிருக்கவில்லை.

கல்லூரியில் நேர மேலாண்மை குறித்து ஒரு பயிலரங்கு நடந்தது. நான்கு கட்டங்கள் போட்டு, அவசரமானது எது, முக்கியமானது எது என்று பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தோம். அட்டவணை வரைவதும், அதற்கு வண்ணம் தீட்டுவதும், அதன்படி நடக்கவில்லையே என்று வருந்துவதுமாக மேலும் மூன்று வேலைகள் சேர்ந்ததுதான் கண்ட பலன். இவ்வகைப் பயிற்சிகளை நாம் முற்றிலும் இகழவில்லை. ஆயினும் நம்மைப் போன்ற சோம்பேறிகளுக்கு அவை பெருஞ்சுமை.

அதைவிட எளியதொன்றைச் செய்தோம். ஒரு வாரம், இரவு படுக்குமுன் அன்றைய பொழுது எங்கே போயிற்று என்று பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதினோம். பெரிய வேலைகள் நம் நேரத்தைத் தின்னவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒரே விடைத்தாள் கட்டை ஒரு நாளில் ஐந்து முறை பிரித்து, மூன்று தாள் திருத்தி, மறுபடி கட்டி வைத்திருக்கிறோம். மூக்குக்கண்ணாடியைத் தேடியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வணக்கத்துக்குப் பதில் வணக்கம் அனுப்பப் போய், அரைமணி கழித்து மீண்டிருக்கிறோம்.

வகுப்பில் ஆண்டுதோறும் சிறுபொழுது ஆறு என்று நடத்துகிறோம். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறார்கள். பொழுதுக்குப் பொழுது மனத்தின் இயல்பு மாறும் என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த பகுப்பு அது. மாலைக்குக் காத்திருத்தலையும் வைகறைக்கு ஊடலையும் உரித்தாக்கியவர்கள், எல்லா நேரமும் ஒன்றென்று கருதியிருக்க மாட்டார்கள். நாமோ வைகறையில் செய்யத்தக்கதை, உழைத்துக் களைத்த யாமத்தில் செய்ய முயன்று தூங்கிவிழுகிறோம்.

உ.வே.சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பகலெல்லாம் நம்மைப் போலவே பாடம் நடத்தியவர்தாம். எஞ்சிய பொழுதில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு அந்நூலை வெளிக்கொணர்ந்தார். தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வந்தன. இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் படிக்க நேரமில்லை என்கிறோம்.

இங்கிலாந்தின் அந்தோணி டிரோலோப் அஞ்சல் துறையில் பணியாற்றியவர், நாற்பத்தேழு நாவல்கள் எழுதியவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு இருநூற்றைம்பது சொற்கள் என்று எழுதுவாராம். 1883இல், அவர் மறைந்தபின் வெளிவந்த தன்வரலாற்றில் இதைச் சொல்கிறார். நம்மைக் கவர்ந்தது அந்தக் கணக்கன்று. தம்மை எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு முதிய குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்ததையும், தம் வெற்றிக்கு மற்றெவரையும்விட அவருக்கே கடன்பட்டிருக்கலாம் என்று கருதியதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அதைப் படித்தபோது சுருக்கென்றது. நாமும் வைகறையில் ஐந்து மணிக்கு எழுந்து படிப்பது என்று முடிவு செய்திருந்தோம். முதல் வாரம் அருமையாக நடந்தது. நாம் படித்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணிநேரத்தில், பள்ளி ஆசிரியையான நம் துணைவியார் பால் காய்ச்சி, காய் நறுக்கி, மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். நமக்குக் கிடைத்த இரண்டரை நாழிகை வேறொருவருடைய பொழுதிலிருந்து எடுக்கப்பட்டதே. நேரத்தைச் சேமிக்கும் வழி சொல்லும் ஆடவர் பலரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

ஆகவே இப்போது இரவே இருவருமாகக் காய் நறுக்கி வைத்துவிடுகிறோம். காலைக் காப்பி நம் பொறுப்பு. (முதல் சில நாள்கள் அது எப்படி இருந்தது என்று எவரும் கேட்க வேண்டாம்.) ஐந்து முதல் ஆறு வரை ஒரு நாள் நமக்கு, மறுநாள் அவருக்கு. அவர் அந்நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை, பெரும்பாலும் தூங்குகிறார். அதுவும் தக்க பயன்பாடே. கைபேசி இரவில் கூடத்து அலமாரிக்குப் போய்விடுகிறது. விடைத்தாளைப் பத்துப் பத்தாக எடுத்து, எடுத்தது முடியாமல் எழுவதில்லை. கண்ணாடிக்கும் ஓர் ஆணி அடித்தாயிற்று.

இவ்வளவே. இவற்றால் வேலை குறைந்துவிடவில்லை. அறிக்கைகள் இன்னும் கேட்கப்படுகின்றன. பல நாள்கள் ஐந்து மணிக்கு எழுவதுமில்லை. ஆனால் ஆசிரியரின் நோட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்திருக்கிறோம். அங்கே ஓரத்தில் பென்சிலால் நம் பெயரை எழுதி, "இந்த இடத்தில் உள்ளுறை சரியாக வருகிறதா? கேட்க வேண்டும்" என்று குறித்திருக்கிறார். வரவில்லை ஐயா என்று நமக்குத் தோன்றுகிறது. காரணத்தை அதன் கீழேயே எழுதி வைத்திருக்கிறோம்.