கொடிக்கேற்ற கொழுகொம்பு



சாடியில் வளர்க்கும் கொடிக்கு எந்தக் கம்பை நடுவது என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். இதில் நானும் ஒரு முறை பிழை விட்டவள்தான். அதையே முதலில் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் 2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர். கிளிவெட்டி முகாமில் இருந்த காலத்தில் ஒரு மணி பிளான்ட் துண்டைப் போத்தல் தண்ணீரில் வைத்து வளர்த்தார். அது உயிரோடு இருந்தது. ஆனால் இலை வெற்றிலை அளவைத் தாண்டவில்லை. 2016இல் ஊர் திரும்பியதும் அதைச் சாடியில் நட்டார். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது, "கொடிக்கு ஒரு கம்பு கிடைக்குமா?" என்று கேட்டார். இடிந்த மதிலடியில் கிடந்த இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முறியாது, வளையாது என்பதுதான் என் கணக்கு.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கம்பி வெயிலில் கொதித்தது. கடற்காற்றில் துருவும் ஏறியது. வேர் ஒன்றுகூட அதில் பிடிக்கவில்லை. கட்டிய கயிற்றிலேயே தொங்கிய கொடி, கயிறு இறுகிய இடத்தில் கறுத்து முறிந்துபோனது. முகாமிலிருந்து சுமந்து வந்த கொடி அது. அக்கா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. நல்ல வேளையாக முறிந்த துண்டில் கணுக்கள் இருந்தன. மறுபடியும் போத்தலில் வைத்து வேர் விடச் செய்தோம்.

அதன் பிறகுதான் கொடிகள் எப்படி ஏறுகின்றன என்று கவனித்தேன். பாகலும் புடோலும் சுருளால் பற்றும். அவற்றுக்கு மெல்லிய கயிறோ கம்பியோ போதும். சங்குப்பூக் கொடி தானே சுற்றி ஏறும். அதற்கு ஒல்லியான தடி நல்லது. மணி பிளான்ட், மிளகு, வெற்றிலை ஆகியவை கணுவில் விடும் வேரால் ஒட்டிப் பிடிப்பவை. இவற்றுக்குச் சொரசொரப்பும் ஈரமும் உள்ள கம்பு வேண்டும். வேர் பிடித்து மேலே ஏற ஏறத்தான் மணி பிளான்டின் இலை பெருக்கும். பெரிய மரத்தில் ஏறிய கொடியில் சுளகளவு இலைகளைப் பார்த்திருப்பீர்கள். போத்தலில் இருப்பதும் அதே கொடிதான்.

எங்கள் பகுதிக்குத் தும்பு சுற்றிய கம்பு மிகப் பொருத்தம். பனஞ்சிலாகைத் துண்டு அல்லது பழைய எஸ்லோன் குழாய் ஒன்றை எடுங்கள். சாதாரணத் தடியை மண்ணில் புதைத்தால் கறையான் அரித்துவிடும். தும்பில் உப்பு இருக்கலாம். ஆகவே நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையானால் இன்னும் கூடுதலான நாட்கள் ஊறவேண்டும். பிறகு தும்பைக் கம்பில் தடிப்பாகச் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்டுங்கள்.

முதலில் கம்பைச் சாடியின் அடிவரை இறக்கி, கல் வைத்து இறுக்குங்கள். கொடியை அதன் பிறகு நட்டால் வேர் அறாது. கணு தும்பில் படும்படி சாய்த்து, பழைய சீலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டைத்தான் கட்டவேண்டும், இலைக்காம்பை அல்ல. தினமும் காலையில் தும்பிலும் தண்ணீர் தெளியுங்கள். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும், அதை ஊற்றிவிடுங்கள். மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். சிறு பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அக்காவின் கொடி இப்போது அவருடைய தோளுக்கு மேலே நிற்கிறது. இலைகள் உள்ளங்கையை விடப் பெரியவை. துண்டு வெட்டிச் சாடியில் வைத்து விற்கவும் செய்கிறார். பழைய போத்தலை மட்டும் எறியவில்லை.

உதவி கேட்டு ஒருவர் வரும்போது, கையில் அகப்பட்டதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். என்ன தேவை என்று முதலில் கேட்டிருந்தால் அந்தக் கொடி முறிந்திருக்காது. இதைக் கம்பு கேட்டு வந்த அக்காவிடமிருந்துதான் நான் படித்தேன்.