அறிந்து ஊகித்தல்

டாலிகஞ்சில் பயிலும் மாணவரும் திருநெல்வேலியில் பயிலும் மாணவரும் ஒரே நாளில் எழுதும் தேர்வு நீட். 2025ஆம் ஆண்டில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் அளிக்கப்பட்டன. விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதனுள் அடங்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண் சேரும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். விடையளிக்காத வினாவுக்குக் குறைவில்லை.

இத்தகைய தேர்வில் ஊகித்தலே கூடாது என்பர் சிலர். அது முழு உண்மையன்று. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் உள்ளன. ஏதும் அறியாமல் நான்கு வினாக்களுக்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும்; மூன்று தவறாகும். எஞ்சுவது 1 மதிப்பெண்ணே, அதுவும் உறுதியன்று. ஒவ்வொன்றிலும் பொருந்தாத இரண்டு விடைகளைத் தெளிந்து நீக்கியபின் குறித்தால், இரண்டு சரியாகக்கூடும். எஞ்சுவது 6 மதிப்பெண். இவ்வேறுபாட்டைத் தருவது பாட அறிவே, நற்பேறு அன்று.

ஆனால், அவ்வாறு ஆராய்ந்து நீக்கக் காலம் வேண்டும். கடினமான ஒரு வினாவோடு பத்து நிமிடம் போராடுபவர், இறுதிப் பக்கத்து எளிய வினாக்களைப் படிக்காமலே இழப்பர். ஆதலின், முதற்சுற்றில் அறிந்தவற்றை முடித்து, ஐயமுள்ளவற்றை இரண்டாம் சுற்றுக்கு ஒதுக்குதல் நன்று. திருக்குறளின் 49ஆம் அதிகாரமாகிய காலமறிதல் அரசர்க்குக் கூறப்பட்டது. தேர்வறைக்கும் அது பொருந்தும்.